உதவித்தொகைக் கணக்கில் கை வைக்காதீர்கள்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கும் வங்கியாளர் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கும், தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுவை ஒருங்கிணைக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தீர்ப்பாணை பெற்று, அதை நிறைவேற்றித் தரக் கோரி மறுபடியும் மனுப்போட்டு, ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு நடந்த ஒருவர்கூடத் தமக்குக் கடன்பட்டவரின் ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது என்பது இந்நாட்டின் சட்டம். ஆனால் வழக்கே போடாத ஒரு வங்கி, கிளையில் இருக்கும் கணினியில் ஒரு கட்டளை கொடுத்து, அதே ஓய்வூதியத்தை அது கணக்கில் வரவான அன்றே தன் கடனுக்கு எடுத்துக்கொள்கிறது. நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரம் கிளை மேலாளருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பதும், இந்த முரண்பாட்டை நீக்கும் வழி பெருமளவு ரிசர்வ் வங்கியின் கையிலேயே இருக்கிறது என்று காட்டுவதுமே இம்மடலின் நோக்கம்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உரிமையியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் நான். கடன் வசூல் வழக்குகளில் வங்கிகள் தரப்பிலும் கடன் வாங்கியவர்கள் தரப்பிலும் ஆஜராகியிருக்கிறேன். ஆகவே, வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று வாதிடுவதற்காக இதை எழுதவில்லை. எந்தப் பணத்திலிருந்து வசூலிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சட்டம் ஏற்கெனவே கோடு கிழித்திருக்கிறது. அந்தக் கோடு வங்கிக் கணக்கின் வாசலோடு நின்றுவிடுகிறது என்பதே என் முறையீடு.

ஒரு நிகழ்வைச் சொன்னால் விஷயம் விளங்கும். எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, பல ஆண்டுகளுக்கு முன் தம் மகன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். மகன் கடனைக் கட்டாமல் வெளியூர் போய்விட்டார். கடன் வாராக் கடனாயிற்று. வங்கி வழக்குப் போடவில்லை. அந்தத் தாயின் சேமிப்புக் கணக்கில் 41,000 ரூபாய்க்கு ஹோல்டு போட்டது, அதாவது அந்த அளவுப் பணத்தை எடுக்க முடியாதபடி முடக்கியது. அந்தக் கணக்கில் வந்துகொண்டிருந்தது மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, ஊரில் எல்லோரும் ஓ.ஏ.பி. பணம் என்று சொல்வது, அது ஒன்றுதான். கணக்கில் இருப்பதைவிட ஹோல்டு தொகை பெரியதாக இருந்தால், அதன்பின் ஒவ்வொரு மாதமும் வரும் பணமும் தானாகவே அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும். பாஸ்புக்கில் ஆறு மாதத் தொகை வரிசையாக ஏறியிருந்தது. இருப்பு 7,200 ரூபாய் என்று அச்சாகியிருந்தது. ஊரில் கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் மினி பேங்க் இளைஞரிடம் போனால் இயந்திரம் ஒவ்வொரு முறையும் போதிய இருப்பு இல்லை என்று சீட்டுத் துப்பியது. “புக்குல ஏறியிருக்கு, கையில மட்டும் வரலைன்னா யாருய்யா எடுத்தது?” என்று அந்த அம்மா அவரோடு சண்டை பிடித்திருக்கிறார். பணத்தைச் சுருட்டிவிட்டார் என்ற பழி, மாதம் சில ஆயிரம் கமிஷனுக்கு வேலை பார்க்கும் அந்த இளைஞர்மேல் விழுந்தது. கணக்கில் ஹோல்டு இருக்கிறது என்று வங்கியிலிருந்து ஒரு வரிக் கடிதம்கூட அந்த அம்மாவுக்குப் போகவில்லை.

இதைப் படிக்கும் கிளை மேலாளர் எவருக்கும் இது புதிதாக இராது. குழுக் கடன் பாக்கிக்கு நூறு நாள் வேலைக் கூலி, பேரனின் கல்விக் கடனுக்குத் தாத்தாவின் குடும்ப ஓய்வூதியம், பயிர்க் கடன் பாக்கிக்கு விவசாயிகளுக்கான நிதியுதவி என்று ஆளும் தொகையும் மாறுகின்றன, செய்முறை மாறுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, தீர்ப்பாணையை நிறைவேற்றும்போது எவற்றைப் பற்றுகை, அதாவது ஜப்தி, செய்யலாம், எவற்றைக் கூடாது என்று பட்டியலிடுகிறது. அரசு, உள்ளாட்சி அமைப்பு அல்லது வேறெந்த முதலாளியிடமும் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்களுக்கான ஓய்வூதியமும் பணிக்கொடையும் விலக்குப் பட்டியலில் உள்ளன. தொழிலாளர், வீட்டு வேலை செய்வோர் ஆகியோரின் கூலி, அது பணமாகத் தரப்பட்டாலும் பொருளாகத் தரப்பட்டாலும், முழுவதும் விலக்குப் பெற்றது. 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு 336 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி இதற்குள் வராது என்று எந்த வழக்கறிஞரும் வாதிட முடியாது. வருங்கால வைப்பு நிதிக்கும் பாதுகாப்பு உண்டு. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக்கூடாதவை. அந்த 1,000 ரூபாய் 2002 ஜூலையிலிருந்து அப்படியே கிடக்கிறது என்பது வேறு வேதனை, ஆனால் அதை உயர்த்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்பதால் இங்கே விரிக்கவில்லை.

இதற்கும் முந்தையது 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம். கடந்தகாலப் பணிக்காகவோ, உடல் தளர்ச்சியின் பொருட்டோ, கருணை அடிப்படையிலோ அரசு வழங்கும் ஓய்வூதியத்தைக் கடன் கொடுத்தவர் கேட்டார் என்பதற்காக எந்த நீதிமன்றமும் பற்றுகை செய்யக்கூடாது என்று அதன் 11-ஆவது பிரிவு தடுக்கிறது. அடுத்த பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், இனி வரவேண்டிய ஓய்வூதியத்தை முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. ஏழை மனிதன் நெருக்கடியில் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான் என்று காலனி அரசுக்கே தெரிந்திருந்தது. அதே அறிவைத்தான் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் சேர்த்தது: 60-ஆவது பிரிவு தரும் விலக்கை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒருவர் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது.

கைக்கு வந்துவிட்ட ஓய்வூதியம் வெறும் பணமாகிவிடுகிறது, அதன்பின் அதற்குப் பாதுகாப்பு இல்லை என்று நெடுங்காலம் வாதிடப்பட்டது. பஞ்சாப் நேஷனல் வங்கி ஒரு தரப்பாக இருந்த வழக்கில் 2008 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஓய்வூதியமும் பணிக்கொடையும் ஓய்வு பெற்றவரின் கைக்கு வந்து நிரந்தர வைப்பில் போடப்பட்ட பிறகும் தம் தன்மையை இழப்பதில்லை, 60-ஆவது பிரிவின் பாதுகாப்பு அவற்றுக்குத் தொடர்கிறது என்பதே அத்தீர்ப்பின் சாரம். நிரந்தர வைப்புக்கே பாதுகாப்பு உண்டென்றால், நேற்று வரவாகி இன்று சேமிப்புக் கணக்கில் கிடக்கும் தொகைக்கு இல்லாமல் போகுமா?

இத்தனையும் இருந்தும் வங்கிகள் எப்படி எடுக்கின்றன? அவற்றின் பதில் எனக்கு நன்றாகவே தெரியும். நானே வங்கித் தரப்பில் நின்று சொல்லியிருக்கக்கூடிய பதில் அது. 60-ஆவது பிரிவு நீதிமன்றப் பற்றுகையைப் பற்றித்தான் பேசுகிறது, நாங்கள் செய்வது பற்றுகை அல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 171-ஆவது பிரிவில் வங்கிகளுக்குப் பொதுப் பற்றுரிமை, அதாவது தம்மிடமுள்ள வாடிக்கையாளரின் உடைமையைப் பாக்கிக்காகப் பிடித்துவைக்கும் உரிமை, தந்திருக்கிறது. கடன் ஆவணத்தில் ‘என் பெயரிலுள்ள எந்தக் கணக்கிலிருந்தும் நேர்செய்துகொள்ளலாம்’ என்று வாடிக்கையாளரே கையெழுத்திட்டிருக்கிறார். ஏட்டளவில் இந்த வாதம் நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். எல்லோர் முன்னிலையிலும் இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்கும் நீதிமன்றத்துக்குச் சட்டம் விதித்த தடை, யாரையும் கேட்காமல் தன் வழக்கில் தானே தீர்ப்பெழுதிக்கொள்ளும் ஒரு தரப்புக்கு இல்லையென்றாகிறது. வழக்குப் போடாமல் இருப்பதே வங்கிக்கு லாபம் என்றாகிறது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்று 1871-லும் 1976-லும் சட்டம் சொன்ன ஒன்றை, கடன் படிவத்தின் கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்து செல்லுபடியாக்கிவிடுகிறது.

இன்னொன்றையும் வங்கியாளர்கள் மறந்துவிடுகிறார்கள். பொதுப் பற்றுரிமை என்பது, வாடிக்கையாளர் தாமாக ஒரு வங்கியைத் தேர்ந்தெடுத்து, தம் பணத்தை அதனிடம் ஒப்படைக்கும் உறவிலிருந்து பிறந்த உரிமை. அரசின் நேரடிப் பயன் பரிமாற்றம் அப்படி நடப்பதில்லை. ஆதார் வழியாகச் செலுத்தப்படும் தொகை, தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் பட்டியலில் எந்த வங்கியின் கணக்கு கடைசியாக ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அங்கே போய் விழுகிறது. கடன் வாங்கப் போன இடத்தில் ஆதார் நகல் கேட்டார்கள், கைரேகை கேட்டார்கள், கொடுத்தோம் என்பார்கள். அன்றோடு உதவித்தொகையின் பாதையே அந்த வங்கிக்கு மாறியிருக்கும். இப்படிக் கடன் பாக்கியுள்ள வங்கியிலேயே வந்து விழும் பணத்தை, வாடிக்கையாளர் விரும்பி ஒப்படைத்த வைப்பாகக் கருதிப் பற்றுரிமை கொண்டாடுவது முறையா என்று நீங்களே சொல்லுங்கள்.

பொதுவெளியில் பேசப்பட்ட இரண்டு நிகழ்வுகளை மட்டும் நினைவூட்டுகிறேன். 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கி மாதம் 1,000 ரூபாய் வரவான சில நாள்களிலேயே, குறைந்தபட்ச இருப்பு இல்லை, கட்டணம் பாக்கி என்றெல்லாம் சொல்லி அத்தொகையில் வங்கிகள் பிடித்தம் செய்வதாகப் புகார்கள் எழுந்தன. அப்படிச் செய்யக்கூடாது என்று அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு பொதுவெளியில் அறிக்கை விட வேண்டியிருந்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளை நிலச்சரிவு அழித்தது. உயிர் தப்பியவர்களுக்குக் கேரள அரசு அளித்த 10,000 ரூபாய் அவசர உதவியிலிருந்து, கேரள கிராமிய வங்கி கடன் தவணையைப் பிடித்தது. மாநில வங்கியாளர் குழுக் கூட்டத்திலேயே முதலமைச்சர் பினராயி விஜயன் அதைக் கண்டித்தார். கல்பற்றா கிளைமுன் போராட்டம் நடந்தது. வங்கி பணத்தைத் திருப்பி வரவு வைத்தது. வேண்டுமென்றே எந்த அதிகாரியும் அதைச் செய்திருக்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன். தவணை நாள் வந்தது, கணக்கில் பணம் இருந்தது, மென்பொருள் எடுத்தது, அவ்வளவுதான். ஆனால் அதுவே என் வாதத்துக்குச் சான்று. மனிதர் யாரும் முடிவெடுக்காமலே பணம் போகுமானால், மனிதர் யாரும் வந்து கெஞ்சாமலே அதைத் தடுக்கும் ஏற்பாடும் அதே மென்பொருளில் இருக்க வேண்டும். முதலமைச்சர்களும் அமைச்சர்களும் குரல் கொடுத்தால்தான் திரும்ப வரும் என்பது, குரல் எட்டாத எழுபது வயதுக்காரர்களுக்கு எதற்கு உதவும்?

குறைதீர்க்கும் வழிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்து 30 நாள் காத்திருந்து, பதில் இல்லாவிட்டால் அல்லது பதில் திருப்தி தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். மாதாமாதம் அரிசிக்கும் மாத்திரைக்கும் ஆகும் பணத்துக்கு 30 நாள் என்பது என்ன பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை. நீதிமன்றம் வழியாக ஜப்தியான கணக்கு என்றால் மனுப்போட்டு, இது ஓய்வூதியம் என்று பாஸ்புக்கைக் காட்டி நிரூபிக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். இருந்தும் 1,200 ரூபாய்க்காக மூன்று பேருந்து மாறி மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்து போவதற்குள் அதில் பாதி செலவாகிவிடும்.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் இருந்தது. அங்கும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தைக் கடன் கொடுத்தவர்கள் பற்றுகை செய்யக்கூடாது என்று அவர்களின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 207-ஆவது பிரிவு தெளிவாகச் சொன்னது. ஆனால் நீதிமன்ற உத்தரவு வந்ததும் வங்கிகள் கணக்கை அப்படியே முடக்கிவிடும். இது விலக்குப் பெற்ற பணம் என்று முதியவர்தான் போய் நிரூபிக்க வேண்டும். நிரூபித்து முடிக்கும்வரை வாடகைக்கும் மருந்துக்கும் வழியில்லை. 2011 மே 1 முதல் அமெரிக்கக் கருவூலத் துறையும் ஓய்வூதியம் வழங்கும் முகமைகளும் சேர்ந்து கொண்டுவந்த விதி இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. பற்றுகை உத்தரவு கையில் கிடைத்த இரண்டு வேலை நாள்களுக்குள் வங்கியே அந்தக் கணக்கின் முந்தைய இரண்டு மாத வரவுகளைப் பார்க்க வேண்டும். அரசின் ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவி, முன்னாள் படைவீரர் உதவி போன்றவை மின்னணு முறையில் எவ்வளவு வந்திருக்கின்றன என்று கூட்டி, அந்தத் தொகை அல்லது கணக்கிலுள்ள இருப்பு, இரண்டில் எது குறைவோ அதைப் பாதுகாக்கப்பட்ட தொகையாக ஒதுக்கி, கணக்குக்காரர் தடையின்றி எடுக்க விட வேண்டும். அவர் மனுப்போட வேண்டியதில்லை. வாய் திறக்கவே வேண்டியதில்லை. அந்தத் தொகையிலிருந்து வங்கி தன் செயல்பாட்டுக் கட்டணத்தையும் பிடிக்க முடியாது.

அந்த விதியில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. ஒரே கணக்கில் ஓய்வூதியமும் வேறு பணமும் கலந்திருந்தால் எது எந்தப் பணம் என்று பிரிப்பது எப்படி என்ற பழைய சிக்கலுக்குள் அது போகவே இல்லை. எந்த ரூபாய் முதலில் செலவானது என்று வங்கி எழுத்தர் ஆராய வேண்டாம். இரண்டு மாதத்தில் வந்த அரசுத் தொகையைக் கூட்டத் தெரிந்தால் போதும். கூட்டுவதற்கு வசதியாக, அரசே தன் மின்னணுப் பணக் கோப்புகளில் ஒரு தனிக் குறியீட்டைச் சேர்த்து அனுப்புகிறது. ஜெர்மனி வேறு வழியில் போனது: 2010 ஜூலை முதல் அங்கே எவரும் தம் நடப்புக் கணக்கைப் பற்றுகைப் பாதுகாப்புக் கணக்காக மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்கலாம், பணம் எங்கிருந்து வந்தாலும், வாழ்வுக்குத் தேவையான ஒரு மாதாந்தரத் தொகை தானாகவே ஜப்தியிலிருந்து தப்பிக்கும். கேட்டுப் பெற வேண்டிய உரிமை என்பதால், படிவம் நிரப்பவே ஆள் தேடும் நம் ஊர் மக்களுக்கு அமெரிக்க முறையே பொருந்தும் என்பது என் கருத்து.

நம் நாட்டில் இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். ஆதார் வழிப் பரிமாற்றம் தனித்த ஒரு செலுத்து முறை. அதில் வரும் ஒவ்வொரு வரவும் எந்தத் துறையிலிருந்து வருகிறது என்ற அடையாளத்தோடுதான் வருகிறது. மத்திய அரசு ஓய்வூதியத்தை வங்கிகளின் சொந்த ஓய்வூதிய மையங்களே கணக்கிட்டு வரவு வைக்கின்றன. தாமே கணக்குப் போட்டு அனுப்பிய பணம் ஓய்வூதியம் என்பது தெரியாது என்று எந்த வங்கியும் சொல்ல முடியாது.

கொள்கை அளவிலும் நீங்கள் ஏற்கெனவே இந்தப் பாதையில்தான் இருக்கிறீர்கள். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நுண்கடன் நெறிமுறையில், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்குத் தரும் பிணையில்லாக் கடனைக் கடன் வாங்கியவரின் வைப்புக் கணக்கின்மேல் பற்றுரிமையோடு இணைக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான விதி, ஆனால் அது நுண்கடனோடு நின்றுவிட்டது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட தாய்க்கும், பழைய பயிர்க் கடன் பாக்கியுள்ள விவசாயிக்கும் அது எட்டவில்லை. 2024 ஜனவரி 1 அன்று வெளியிட்ட செயல்படாக் கணக்குகள் பற்றிய அறிவுறுத்தல்களில், அரசின் உதவித்தொகைக்காகவும் கல்வி உதவிக்காகவும் திறக்கப்பட்ட கணக்குகளைத் தங்கள் மையக் கணினி அமைப்பில் தனியே பிரித்து அடையாளமிட வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொன்னீர்கள். கணக்கைச் செயல்படாததாக ஆக்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்ய முடிந்த அடையாளத்தை, கணக்கிலுள்ள பணத்தைக் காப்பாற்றுவதற்காகச் செய்ய முடியாதா?

எனவே நான் கேட்பது இதுதான். ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம், முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை, மகளிருக்கான மாதாந்தரத் தொகை, வேலை உறுதித் திட்டக் கூலி, பேரிடர் நிவாரணம், கல்வி உதவித்தொகை ஆகியவை கணக்கில் வரவாகும்போதே பாதுகாக்கப்பட்ட வரவு என்று கணினியில் குறிக்கப்பட வேண்டும். அந்த வரவிலிருந்து எந்தக் கடன் பாக்கிக்கும், எந்தக் கட்டணத்துக்கும் வங்கி தானாக நேர்செய்துகொள்வதும் ஹோல்டு போடுவதும் தடை செய்யப்பட வேண்டும். ஓய்வூதியக் கடன் வாங்கியவர் தவணையை அதே கணக்கிலிருந்து கட்ட விரும்பினால் அது அவர் உரிமை. அதற்கு அந்தக் கடனுக்கென்றே தனியாக, தாய்மொழியில், பின்னால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறத்தக்க சம்மதம் வாங்குங்கள். பொதுப்படையான கடன் படிவத்தில் புதைந்த ஒரு வரியைச் சம்மதம் என்று கொள்ளாதீர்கள்.

நீதிமன்றத்திலிருந்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆவது கட்டளை, 46-ஏ விதியின்கீழ், கடன்பட்டவரின் பணத்தை வைத்திருக்கும் வங்கிக்கு அறிவிப்பு வரும்போது, இன்று வங்கிகள் கணக்கில் இவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரியில் பதில் தருவதோடு சரி. அந்த இருப்பில் எவ்வளவு ஓய்வூதியம், எவ்வளவு கூலி என்பதையும் சேர்த்தே நீதிமன்றத்துக்குச் சொல்லும்படி பணியுங்கள். அந்த ஒரு வாக்கியம் இருந்தால், நீதிபதி முதல் வாய்தாவிலேயே அத்தொகையை விடுவித்துவிட முடியும். இல்லாததால்தான் ஒரு முதியவர் சாட்சிக் கூண்டு ஏற வேண்டியிருக்கிறது.

எத்தனை மாத வரவைப் பாதுகாப்பது என்பதில் மட்டும் அமெரிக்க அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் ஊரில் வேலை உறுதித் திட்டக் கூலி தாமதமாகி மொத்தமாக வருவது வழக்கம்; செய்த வேலையின் நாளைப் பார்க்காமல் பணம் வரவான நாளைப் பார்த்தே கணக்கிட வேண்டும். முதியவர்கள் பலர் ஓ.ஏ.பி. பணத்தை மாதாமாதம் முழுவதும் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு, தம் கடைசிக் காரியத்துக்கு என்று விட்டு வைப்பார்கள். ஆகவே ஆறு மாத வரவாவது யாரும் கேட்காமலே காக்கப்பட வேண்டும். அதற்கு மேற்பட்டதையும் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி கோரிப் பெறும் உரிமை அவர்களுக்கு இருக்கவே செய்யும்.

எதிர்ப்புகள் வரும். கடனைக் கட்ட வசதியிருந்தும் கட்டாதவர்கள் இதற்குள் ஒளிந்துகொள்வார்கள் என்பார்கள். மாதம் 1,200 ரூபாய்க்குள் ஒளிந்துகொள்ளக்கூடிய பெரும்புள்ளி யாரையும் நான் பார்த்ததில்லை. பெரிய தொகை ஓய்வூதியம் பெறுபவர்களைப் பற்றிய கவலை என்றால், விலக்குக்கு உச்சவரம்பு வேண்டுமா என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும். அதுவரை சட்டத்தில் இல்லாத வரம்பை வங்கிகள் தாமாக விதிக்க முடியாது. வைப்பாளர்களின் பணத்தைக் காக்கும் கடமை எங்களுக்கு இருக்கிறது என்பார்கள். உண்மைதான், நிலம், நகை, வாகனம், ஜாமீன்தாரரின் பிற சொத்து என்று சட்டம் திறந்துவைத்த வாசல்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஜீவனாம்சம் தர வேண்டியவர் இந்தப் பாதுகாப்பைக் காட்டித் தப்பிவிடக் கூடாது என்பதை மட்டும் நானே சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்க விதியும் குழந்தைப் பராமரிப்புத் தொகைக்கான உத்தரவுகளைத் தன் வரம்புக்கு வெளியேதான் வைத்திருக்கிறது.

ஓரிடத்தில் சட்டத்திலேயே ஓட்டை இருப்பதை மறைக்க விரும்பவில்லை. மகளிர் உரிமைத் தொகை போன்ற புதிய உதவிகள் 60-ஆவது பிரிவின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. முதியோர் உதவித்தொகையைக் கருணை அடிப்படையிலான ஓய்வூதியம் என்று 1871-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்து வாதாட முடியும்; மகளிர் தொகைக்கு அப்படி வாதாடுவது கடினம். உரிமையியல் நடைமுறை, மத்திய அரசும் மாநிலங்களும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலச் சட்டமன்றமே குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 60-ஆவது பிரிவைத் திருத்தலாம். அக்கோரிக்கையை மாநில அரசிடம் தனியே வைப்பேன். ஆனால் நீதிமன்றப் பற்றுகைக்கு வேண்டிய அந்தத் திருத்தம் வரும்வரை, வங்கிகள் தாமாகக் கை வைப்பதைத் தடுக்க உங்கள் சுற்றறிக்கையே போதுமானது.

தவறு நடந்தபின் திருத்துவதற்கும் ஒரு கெடு வேண்டும். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குமேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019-இல் விதித்தீர்கள். வாடிக்கையாளர் கேட்காமலே அந்த இழப்பீடு வரவாக வேண்டும் என்றும் எழுதினீர்கள். உதவித்தொகையைத் தவறாகப் பிடித்த வங்கிக்கும் அதே விதியை நீட்டுங்கள். ஹோல்டு போடப்பட்ட எந்தக் கணக்கிலும், எந்தக் கடனுக்காக, எவ்வளவு தொகைக்கு, யாரிடம் முறையிடுவது என்ற மூன்று விவரங்களும் தமிழில் எழுதிய கடிதமாகவும் குறுஞ்செய்தியாகவும் மூன்று நாளுக்குள் போக வேண்டும். கைரேகை இயந்திரத்தின் சீட்டிலும் இருப்புக் குறைவு என்ற பொய்க் காரணத்துக்குப் பதில் கணக்கில் ஹோல்டு உள்ளது என்று அச்சாக வேண்டும்.

வங்கியாளர் குழுவுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு முன், தமிழ்நாட்டில் ஆதார் வழி உதவித்தொகை வரவாகும் கணக்குகளில் எத்தனையில் கடன் பாக்கிக்காக ஹோல்டு போடப்பட்டுள்ளது, அவற்றில் எவ்வளவு தொகை முடங்கியிருக்கிறது என்ற விவரத்தை வங்கிவாரியாகவும் மாவட்டவாரியாகவும் திரட்டுங்கள். உறுப்பு வங்கிகளின் மையக் கணினிகளில் ஒரு நாளில் எடுத்துவிடக்கூடிய பட்டியல் அது. அதைக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்து, கூட்டக் குறிப்போடு பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். முடங்கிக் கிடக்கும் தொகையை ரிசர்வ் வங்கியின் உத்தரவு வரும்வரை காத்திராமல், இந்த நிதியாண்டு முடிவதற்குள் விடுவிக்க உறுப்பு வங்கிகளை இணங்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உரிமையியல் வழக்கறிஞர் ஒருவர்